நாணயத்தளவு வெறுந்தகடு

சிவப்பு விளக்கு மூன்றாவது முறையாக எரிந்தபோது நாங்கள் பாலத்தின் ஏற்றத்தில் இருந்தோம். காரை ஓட்டியவர் என் அண்ணன். அவர் அருகில், மடியில் ஃபிளாஸ்க்கை வைத்துக்கொண்டு, அண்ணி. பின்னிருக்கையில் நானும் என் கணவரும்.

"வந்துட்டாரு," என்றார் அண்ணி, விளக்கைப் பார்த்து. "இன்னும் ஆளைக் காணோமேன்னு நினைச்சேன்."

சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு எரிய வேண்டும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைந்துவிட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது எரிந்தால், டைனமோ உண்டாக்கும் மின்சாரம் பேட்டரிக்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள். கார் அதன்பின் பேட்டரியில் இருப்பதைத் தின்றுகொண்டு ஓடும். தின்று முடித்ததும் நின்றுவிடும். முதல் முறை அப்படித்தான் நின்றது. நான்கு பேரும் இறங்கித் தள்ளினோம். என் கணவர் இடது கையால் மட்டும் தள்ளினார்.

அண்ணன் வண்டியைத் திருப்பினார். குறுக்கே வந்த மிதிவண்டிக்காரருக்காக ஹாரனை அழுத்தினார். சளி பிடித்த தொண்டைபோல அது ஒருமுறை கரகரத்தது. மிதிவண்டிக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மாப்பிள்ளை, குறை சொல்லக் கூடாது," என்றார் அண்ணன். "பெயிண்ட் கண்ணாடி மாதிரி இருக்கு. தள்ளும்போது தலை சீவிக்கலாம்."

என் கணவர் சிரிக்கவில்லை. முழங்காலின்மேல் இருந்த வலது கையை இடது கையால் மூடிக்கொண்டு வெளியே பார்த்தார்.

நான் முப்பத்தோரு ஆண்டுகள் பேருந்துப் பணிமனையின் மின்பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என் கணவர் கார்களுக்கு வண்ணம் பூசுபவர். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில் பாதி எனக்கு, பாதி அவருக்கு. நடுவில் ஒரு கனத்த திரை. என் பக்கத்துத் தூசி அவருடைய ஈரப் பூச்சில் உட்காரக் கூடாது. அவருடைய தெளிப்பு என் மீட்டரில் படியக் கூடாது. அந்தத் திரையால்தான் எங்கள் திருமணம் நிலைத்தது என்று அண்ணி சொல்வதுண்டு.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு காலையில் என் கணவருடைய வலப்பக்கம் செயலிழந்தது. கால் விரைவில் தேறியது. கை தேறவில்லை. எட்டு மாதங்கள் அவர் திரைக்கு அந்தப்பக்கம் போகவே இல்லை. பெயிண்டைத் தெளிக்கும் கம்ப்ரஸரின்மேல் துணி போட்டு மூடிவிட்டார். பேனாவைக் கொடுத்தால் இடது கையால் வாங்குவார். அந்த நிலையில்தான் என் அண்ணன், என்னைவிட ஆறு வயது மூத்த இந்தக் காரை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து கொட்டகை வாசலில் இறக்கினார். வயரிங் எனக்கு, பெயிண்ட் மாப்பிள்ளைக்கு என்றார். அவசரமே இல்லை என்றும் சொன்னார்.

ஓராண்டு ஆயிற்று. என் கணவர் முதலில் ஒரு பழைய தகரத்தில் கோடு இழுத்துப் பழகினார், பிறகு உட்புறத் தகடுகள், கடைசியாகக் கதவுகள். கரும்பச்சை நிறம். யார் கண்ணிலும் படாத இடங்களுக்கும் ஏழு பூச்சு. எஞ்சினுக்கும் இருக்கைகளுக்கும் நடுவே உள்ள தகட்டுச் சுவரை அவர் பூசிய விதத்தைப் பார்த்தால், அதை வரவேற்பறையில் மாட்டப்போகிறார் என்றே எண்ணத் தோன்றும்.

கொட்டகைக்குத் திரும்பியதும் அண்ணன் சாவியை என்னிடம் கொடுத்தார்.

"வெள்ளிக்கிழமை காலையில கிளம்பணும். பொண்ணு வீட்டுக்கு ரெண்டு நாள் ஓட்டணும். வியாழக்கிழமை வரைக்கும் பாரு. முடியலைன்னா லாரியில ஏத்தி அந்தப் பெரிய ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பிடறேன். பழைய டைனமோவைத் தூக்கிட்டு, புதுசா ஆல்டர்னேட்டர் போட்டுத் தர்றாங்களாம்."

"அதை எங்க மாட்டுவாங்க?" என்று கேட்டார் என் கணவர்.

"எஞ்சின் பக்கத்துலதான். புது ஒயர் போகணும்ல, அதுக்குச் சுவர்ல ரெண்டு மூணு ஓட்டை போடுவாங்க."

என் கணவர் பானட்டை உள்ளங்கையால் ஒருமுறை தடவினார். பிறகு, "மச்சான், ஒண்ணு கேட்கட்டுமா? இந்த வண்டியை எங்கிட்ட எதுக்குக் குடுத்தீங்க?" என்றார்.

"இது என்ன கேள்வி? பெயிண்ட் அடிக்கத்தான்."

"ஊர்ல வேற பெயிண்டரே இல்லையா?"

அண்ணன் கொட்டகையின் கூரையைப் பார்த்தார். அண்ணி ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகினார். விடை வந்துவிட்டது.

"சரி. நான் சொல்றதைக் கேட்டுக்குங்க," என்றார் என் கணவர். "வண்டி நிக்கறதுக்கு என் வேலை காரணம்னு தெரிஞ்சா, கம்ப்ரஸரைப் பழைய இரும்புக்குப் போட்டுடறேன். இந்தப் பக்கத்தைப் பூட்டிட்டு வீட்டுல உட்கார்ந்துக்கறேன். இரக்கப்பட்டுக் குடுத்த வேலையையும் கெடுத்துட்டு, அப்புறம் என்ன மூஞ்சியோட ப்ரஷ்ஷைப் பிடிக்கறது?"

"பெயிண்டுக்கும் சார்ஜுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்றேன். "வயரிங் நான் செஞ்சது. நின்னா என்னாலதான் நிக்கும்."

"அதைப் பார்த்துட்டுச் சொல்லு," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அவர் சொன்னால் செய்பவர். புகையிலையை அப்படித்தான் ஒரே நாளில் விட்டார். தம் சொந்தச் சித்தப்பாவுடன் பேச்சையும் அப்படித்தான் விட்டார். கம்ப்ரஸர் போய்விட்டால் கையும் போய்விடும் என்பது எனக்குத் தெரியும். மருத்துவமனையில் ரப்பர்ப் பந்தை நூறு முறை அழுத்தச் சொன்னால் பத்து முறை அழுத்திவிட்டுப் பந்தைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்பவரை, ஒரு கதவை நூறு முறை உப்புத்தாளால் தேய்க்க வைத்தது இந்தக் கார் ஒன்றுதான்.

புதன்கிழமை காலையில் என் குறிப்பேட்டை எடுத்து வைத்துக்கொண்டு தொடங்கினேன். பணிமனையில் எங்களுக்கு ஒரு வரிசை உண்டு. சார்ஜ் ஏறாத வண்டிக்குப் பன்னிரண்டு படிகள். ஒன்றைத் தாண்டி அடுத்ததற்குப் போகக் கூடாது. முதல் படி எர்த்: மின்சாரம் திரும்பி வருகின்ற கம்பிகள் ஒவ்வொன்றையும் கழற்றி, அது உட்காரும் இடத்தை வெறும் இரும்பு தெரியும்வரை சுரண்டி, மீண்டும் முடுக்க வேண்டும். முதல் படிக்கு எதிரே என் கையெழுத்தில் ஒரு சரிக்குறி இருந்தது. மூன்று மாதத்துக்கு முந்தைய தேதி. வயரிங் போட்டபோதே எல்லா இடங்களையும் நானே சுரண்டியிருந்தேன். ஆகவே இரண்டாம் படியிலிருந்து ஆரம்பித்தேன்.

ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினேன்; அரை அங்குலம் உள்ளே போயிற்று. சரி. பேட்டரி முழுமையாக ஏறியிருந்தது. சரி. டைனமோவின் இரண்டு கம்பிகளையும் கழற்றி, அதன் இரு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்து, எஞ்சினை மெல்ல முடுக்கினேன். மீட்டரின் முள் தயக்கமின்றி இருபதைத் தொட்டது. டைனமோவிடம் குறையில்லை. அதன் உள்ளே உரசும் கார்பன் கட்டைகளைக் கழற்றிப் பார்த்தேன்; பாதிகூடத் தேயவில்லை. டைனமோவிலிருந்து பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தை அளந்து அனுப்புகிற கட்-அவுட் பெட்டியைத் திறந்து, அதன் முனைகளைத் துடைத்து, இடைவெளியை அளந்தேன். அதுவும் சரி. எஞ்சினை ஓடவிட்டேன். சிவப்பு விளக்கு அணைந்தது. அரை மணி நேரம் அங்கேயே நின்றேன். எரியவில்லை.

திரைக்கு அப்பால் நாற்காலி நகரும் ஓசை கேட்டது.

"நோயாளி எப்படி இருக்காரு?" என்றார் என் கணவர்.

"நாடி நல்லா இருக்கு. வீட்டுக்குள்ள இருக்கும்போது ஒரு கோளாறும் இல்லை. வெளிய கூட்டிட்டுப் போனாத்தான் படுத்துக்கறாரு."

"அப்ப அவரு நம்ம ஆளுதான்."

அன்று முழுவதும் மீதிப் பதினொரு படிகளிலும் ஏறி இறங்கினேன், ஒன்றும் அகப்படவில்லை. கட்-அவுட் பெட்டியை மாற்றிப் பார்க்கலாம் என்று தோன்றியது. ஆனால் நோய் தெரியாமல் உறுப்பை மாற்றுவதைப் பணிமனையில் எங்கள் பிரிவு எளிதில் மன்னிக்காது. இரவு உணவின்போது என் கணவர் சுவரில் போடப்போகும் ஓட்டை எத்தனை அங்குலம் இருக்கும் என்று கேட்டார். தெரியாது என்றேன்.

வியாழக்கிழமை காலைகளில் அவருக்குக் கைப்பயிற்சி உண்டு. அவரை மருத்துவமனைக்கு ஆட்டோவில் அனுப்பிவிட்டுக் கொட்டகைக்கு வந்தேன். கொட்டகைக்கும் பாலத்துக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டுக்கொண்டேன். கொட்டகையில் கார் நிற்கிறது, பாலத்தில் அதிர்கிறது. அவ்வளவுதான். எஞ்சினைச் சற்று வேகமாக ஓடவிட்டு, திருப்புளியின் மரப்பிடியால் ஒவ்வோர் உறுப்பையும் தட்டிக்கொண்டே வந்தேன். டைனமோ: ஒன்றுமில்லை. பேட்டரி முனைகள்: ஒன்றுமில்லை. கட்-அவுட் பெட்டிக்குக் கீழே தகட்டுச் சுவரைத் தட்டியபோது சிவப்பு விளக்கு ஒருமுறை சிமிட்டியது.

மறுபடி தட்டினேன். மறுபடி சிமிட்டியது.

மீட்டரின் ஒரு முனையைக் கட்-அவுட் பெட்டியின் எர்த் திருகிலும், மற்றதைப் பேட்டரியின் எர்த் முனையிலும் வைத்தேன். இரண்டும் ஒரே இடம்போல இருக்க வேண்டியவை. முள் அசையவே கூடாது. தட்டினேன். முள் ஏழுக்குத் தாவியது, விளக்கு எரிந்தது. பெட்டியின் எர்த் கம்பி சுவரைச் சரியாகத் தொடவில்லை. கால் ஊன்றாத பெட்டி என்ன செய்யும்? டைனமோ கொடுப்பதைப் பேட்டரிக்கு அனுப்பாமல் கதவை மூடிக்கொள்ளும்.

ஆனால் அந்தக் கம்பியை வெறுந்தகட்டின்மேல் முடுக்கியவள் நான். நாணயத்தளவு இடத்தைப் பளபளக்கும்வரை சுரண்டியது இப்போதும் நினைவில் இருந்தது. அது சரியாக வட்டமாகக்கூட அமையவில்லை. திருப்புளி ஒருமுறை வழுக்கி, ஓரத்தில் ஒரு வால் நீண்டிருந்தது.

திருகைக் கழற்றினேன். கம்பியின் நுனியிலிருந்த பித்தளை வளையத்தை விலக்கினேன். அங்கே வட்டமும் இல்லை, வாலும் இல்லை. கரும்பச்சை மட்டும் இருந்தது. திருகின் புரிகளிலும் கரும்பச்சை ஏறியிருந்தது; ஏதோ ஒரு புரியின் விளிம்பில் பெயிண்ட் உதிர்ந்து, அந்த ஊசிமுனை அளவு இரும்பின் வழியாகத்தான் கொட்டகையில் நிற்கும்போது மின்சாரம் போய்வந்திருக்கிறது.

நகத்தால் தடவிப் பார்த்தேன். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கைவிளக்கை நேராகவும் சாய்வாகவும் பிடித்துப் பார்த்தேன். நான் சுரண்டிய இடம் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

நாற்பது ஆண்டுகளாக ஒரு பெயிண்டரோடு வாழ்பவளுக்கு இதன் பொருள் தெரியும். ஒரு முழுக் கதவைப் பூசுவது பெரிய காரியமில்லை. கதவின் நடுவே ஒரு கீறலை மட்டும் பூசி, பூசியது தெரியாமல் ஆக்குவதுதான் தொழிலின் உச்சி. கீறலை நிரப்பும் பட்டி மயிரிழை ஏறினாலும் மேடு தெரியும். கை ஒருமுறை நடுங்கினாலும் ஓரம் தெரியும். நல்ல உடல்நிலையில் இருந்த நாட்களிலேயே இப்படிப்பட்ட வேலைக்கு அவர் காலை வெளிச்சத்துக்காகக் காத்திருப்பார். இரண்டு மாதங்களுக்கு முன் நான் கண் மருத்துவமனைக்குப் போய்வந்துகொண்டிருந்தபோது, ஏதோ ஒரு முற்பகலில், என்னிடம் சொல்லாமல், இதைச் செய்து முடித்திருக்கிறார்.

காரைக் கெடுத்த குற்றம் அந்தச் சுவரில் இருந்தது. அவர் கை திரும்பிவிட்டது என்பதற்கான சான்றும் அதே இடத்தில்தான் இருந்தது. நான் அந்தத் திருகைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

முறையான வேலை எதுவென்று எனக்குத் தெரியும். சுரண்ட வேண்டும், அவர் வந்ததும் சொல்ல வேண்டும். சொன்னால் மாலைக்குள் கம்ப்ரஸர் பழைய இரும்புக்காரனின் வண்டியில் இருக்கும். ஆகவே முப்பத்தோரு ஆண்டுகளில் ஒருமுறைகூடச் செய்யாத ஒன்றைச் செய்தேன். வளையத்தைப் பெயிண்டின்மேலேயே வைத்து முடுக்கினேன். பெட்டியின் எர்த் திருகிலிருந்து ஒரு கறுப்புக் கம்பியை மற்றக் கம்பிகளோடு சேர்த்துச் சுற்றி, நேரே பேட்டரியின் எர்த் முனைக்குக் கொண்டுபோனேன். மேலே துணிநாடாவைச் சுற்றினேன். சுவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. தட்டினேன். விளக்கு சிமிட்டவில்லை.

மாலையில் அண்ணன் வந்து ஓட்டினார். பாலத்தில் ஏறி, இறங்கி, அடுத்த ஊர்வரை போய்த் திரும்பினோம். சிவப்பு விளக்கு எரியவே இல்லை.

"என்ன பண்ணின?" என்றார் அண்ணன்.

"ஒரு கனெக்‌ஷன் லூஸா இருந்துச்சுண்ணா."

"ஒரு வருஷம் வயரிங் பண்ணிட்டு ஒரு கனெக்‌ஷனை லூஸா விட்டியா? பணிமனையில உனக்கு எப்படிப் பென்ஷன் குடுத்தாங்க?"

என் கணவர் பின்னிருக்கையில் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எந்தக் கனெக்‌ஷன்?"

"கட்-அவுட் பக்கம்."

"ம்," என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்காமல் விட்டது எனக்குப் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் தேநீருடன் கொட்டகைக்குப் போனபோது பானட் திறந்திருந்தது. ஒப்படைக்கும் முன் ஒவ்வொரு காரையும் மஞ்சள் துணியால் துடைப்பது அவர் வழக்கம். துணி தோளில் கிடந்தது. அவர் துடைத்துக்கொண்டிருக்கவில்லை.

"இந்த ஒயர்க்கட்டு நேத்து வரைக்கும் என் சுண்டுவிரல் கனம்தான் இருந்துச்சு," என்றார். "இன்னைக்கு மோதிரவிரல் கனம். உள்ள யாரு புதுசாக் குடிவந்திருக்கா?"

நான் தேநீரைக் கீழே வைத்தேன்.

"அது ஒரு எர்த் ஒயருங்க. கூடுதலா ஒண்ணு போட்டேன்."

"நீ கூடுதலா ஒண்ணு போடறவ இல்லை. ஒரு ஸ்க்ரூ மிஞ்சினாலே ரெண்டு நாள் தூங்க மாட்டே. பழைய எர்த்துக்கு என்ன ஆச்சு?"

அவரிடம் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. முந்திய நாள் சொன்னதே இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது. திருகைக் கழற்றி, வளையத்தை நகர்த்திக் காட்டினேன்.

"இங்க நான் சுரண்டி வெச்சிருந்தேன். வெறுந்தகடு தெரியணும். அப்பத்தான் மின்சாரம் பாயும். இப்ப அதுமேல பெயிண்ட் இருக்கு."

அவர் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மிக மெதுவாக, "அது நீ வேணும்னே சுரண்டினதா?" என்றார்.

"வேற எதுக்குன்னு நினைச்சீங்க?"

"உன் திருப்புளி வழுக்கிடுச்சுன்னு நினைச்சேன். ஓரத்துல ஒரு வால் வேற இருந்துச்சு. ஏழு பூச்சு அடிச்ச சுவர்ல சொறி மாதிரி. நீ பார்த்துட்டு மனசு கஷ்டப்பட்டிருப்பே, எங்கிட்ட சொல்ல முடியாம வளையத்தை வெச்சு மூடிட்டியோன்னு நினைச்சேன். சொன்னா நீ சங்கடப்படுவியேன்னு நானே சரிபண்ணிட்டு, பேசாம இருந்துட்டேன்."

"நானும் அதுக்குத்தான் பேசாம ஒயர் போட்டேன்."

இருவரும் பானட்டுக்குள் குனிந்தபடியே நின்றோம். வாசலில் பெட்டிகள் இறங்கும் ஓசை கேட்டது.

"மாப்பிள்ளை, வண்டி ரெடியா?" என்றபடி அண்ணன் வந்தார். பின்னால் அண்ணி, ஒரு கையில் தலையணை, மறுகையில் ஃபிளாஸ்க்.

நான் பேசுவதற்குள் என் கணவர் நிமிர்ந்துவிட்டார்.

"மச்சான், வண்டி நின்னது என்னாலதான். எர்த் உட்கார்ற இடத்துல நான் பெயிண்ட் அடிச்சுட்டேன். உங்க தங்கச்சி எனக்காக மூடி மறைச்சிருக்கா. நான் சொன்னது சொன்னதுதான்."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அவரிடம் கைவிளக்கைக் கொடுத்தேன்.

"அண்ணா, முதல்ல அந்த இடத்தைக் கண்டுபிடிங்க. இந்தத் திருகைச் சுத்தி, நாணயம் அளவு. நான் சுரண்டினதை அவரு பூசி மூடியிருக்காரு. ஓரம் எங்கன்னு காட்டுங்க."

அண்ணன் குனிந்து பார்த்தார். விரலால் தடவினார். அண்ணியைக் கூப்பிட்டார். அண்ணி தம் படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மூக்குப் பெயிண்டில் படும் அளவுக்குக் குனிந்தார்.

"இங்க ஒண்ணுமே இல்லையே," என்றார் அண்ணி. "அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்து என்னை முட்டாளாக்கறீங்களா?"

"ரெண்டு மாசம் முன்னாடி அடிச்சது," என்றேன். "எந்தக் கையால அடிச்சாருன்னு அவரையே கேளுங்க."

என் கணவர் தம் வலது கையைப் பார்த்தார். அதுவரை அந்தக் கோணத்தில் அவர் அதைப் பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன். என் பிழையை மூடும் அவசரத்தில், தம் கை என்ன செய்தது என்பதை அவரே கவனிக்கவில்லை.

அண்ணன் கைவிளக்கை அணைத்தார்.

"அன்னைக்கு ஒண்ணு கேட்டீங்களே மாப்பிள்ளை. ஆமா. இரக்கப்பட்டுத்தான் குடுத்தேன். ரெண்டு கதவு கொஞ்சம் திட்டுத்திட்டா வந்தாலும் பரவாயில்லை, மனுஷன் எழுந்து நடமாடட்டும்னுதான் குடுத்தேன். இவகிட்டயும் அப்படித்தான் சொன்னேன்."

"சொன்னாரு," என்றார் அண்ணி. "திட்டு விழுந்தா அந்தப் பக்கமா உட்காருன்னு எனக்கே சொன்னாரு."

"ஆனா இந்தச் சுவர்ல இருக்கறது இரக்கத்துக்குச் செய்யற வேலை இல்லை. எங்க ஆபீஸ் நண்பர் ஒருத்தர்கிட்ட இதே மாதிரி பழைய வண்டி ஒண்ணு நிக்குது. ஓட்டைபோட விடாத பெயிண்டர் வேணுமாம். கம்ப்ரஸரை இரும்புக்குப் போட்டுட்டா, அவருக்கு நான் என்ன பதில் சொல்றது?"

என் கணவர் தோளிலிருந்த மஞ்சள் துணியை எடுத்து நான்காக மடித்தார். மடிப்பு சரியாக வரவில்லை என்று பிரித்து, மீண்டும் மடித்தார்.

"கம்ப்ரஸரைப் பத்தி அப்புறம் பேசலாம்," என்றார். "முதல்ல அந்தக் கறுப்பு ஒயரை எடு. எனக்குப் பார்க்கவே பிடிக்கலை. மச்சான், பத்து நிமிஷம் குடுங்க."

நான் கம்பியை எடுத்தேன். அவர் மாஸ்கிங் டேப்பைச் சிறு சிறு துண்டாகக் கிழித்து, வளையத்தின் அளவுக்கு ஒரு வட்டம் மட்டும் திறந்திருக்கும்படி ஒட்டினார். பிளேடை வலது கையில் எடுத்தார். முதலில் கை நடுங்கியது. இடது உள்ளங்கையைச் சுவரில் ஊன்றி, அதன்மேல் வலது மணிக்கட்டை வைத்துக்கொண்டார். நடுக்கம் நின்றது. கரும்பச்சை, அதன்கீழ்ச் சாம்பல் ப்ரைமர், அதன்கீழ் வெள்ளி நிறம். ஏழு பூச்சுகளும் சுருள் சுருளாக வந்தன. டேப்பை உரித்தபோது அங்கே ஒரு வட்டம் இருந்தது. காம்பஸால் வரைந்ததுபோல. வால் இல்லை.

"இப்படிச் சுரண்டியிருந்தா நான் ஏன் தொடப்போறேன்?" என்றார்.

அது நியாயமான பேச்சு. ஏற்றுக்கொண்டேன்.

வளையத்தை வைத்து முடுக்கினேன். துருப்பிடிக்காமலிருக்க மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவினேன். எஞ்சினை ஓடவிட்டு மரப்பிடியால் தட்டினேன். பிறகு அண்ணன் தட்டினார். பிறகு அண்ணி, ஓராண்டுக் கோபத்தையும் சேர்த்து, ஃபிளாஸ்க்கின் அடியால் தட்டினார். முள் பூஜ்யத்தில் படுத்திருந்தது. விளக்கு எரியவில்லை.

பெட்டிகளை ஏற்றினார்கள். அண்ணி தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்தார். அண்ணன் விடைபெறும் முறையில் ஹாரனை அழுத்தினார்.

அது கரகரத்தது.

என் குறிப்பேட்டில் ஹாரனுக்கு எதிரே "முதுமை" என்று எழுதி வைத்திருந்தேன். இப்போது என் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று நாட்களுக்கு முன் அண்ணன் பார்த்த அதே இடத்தை.

"ஹாரன் எர்த்திலயுமா?" என்றேன்.

"அங்கயும் ஒரு சொறி இருந்துச்சு."

"மொத்தம் எத்தனை?"

"இதைச் சேர்த்து நாலு." சற்று யோசித்துவிட்டு, "நாலும் நல்லாத்தான் வந்துச்சு," என்றார்.

அண்ணன் எஞ்சினை நிறுத்தினார். அண்ணி இறங்கவில்லை, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஃபிளாஸ்க்கிலிருந்து நால்வருக்கும் தேநீர் ஊற்றத் தொடங்கினார். "மதியச் சாப்பாட்டுக்காவது கிளம்புவோமா? எனக்குத் தெரிஞ்சாப் போதும்," என்றார்.

நான் குறிப்பேட்டைத் திறந்து, முதல் படிக்கு எதிரே இருந்த பழைய சரிக்குறியை அடித்தேன். நான் சுரண்டிய இத்தனை இடங்களில் அவர் பூசிய மற்ற மூன்றும் எவையென்று அவருக்கு மட்டுமே தெரியும். எல்லாத் திருகுகளையும் கழற்றாமல் என்னால் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே குறிப்பேட்டை பானட்டின்மேல் வைத்துப் பென்சிலை நீட்டினேன். அவர் அதை வலது கையால் வாங்கினார். ஹாரன், முன்விளக்கு, பின்விளக்கு என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். மூன்றாவது வரி கோட்டிலிருந்து சற்றே மேலேறியிருந்தது.

ரப்பர் கேட்டார். கொடுத்தேன். அந்த வரியை அழித்துவிட்டு, கோட்டின்மேலேயே மீண்டும் எழுதினார். பிறகு டேப் சுருளை எடுத்துக்கொண்டு ஹாரன் பக்கம் போனார்.